ஜாவா 17-இல் பழைய புரோகிராம் ஏன் படுக்கிறது?

கேள்வி: ஜாவா 11-இல் ஓடிய பில்லிங் புரோகிராம், 17-க்கு மாற்றியதும் தேதி வரும் இடத்தில் 'இன்அக்செசிபிள் ஆப்ஜெக்ட் எக்ஸெப்ஷன்' காட்டி நின்றுவிடுகிறது. '--இல்லீகல்-அக்செஸ்=பெர்மிட்' கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், கோவை)

பதில்: அந்த ஆப்ஷனுக்கு 17-இல் உயிரில்லை. 2017-இல் வந்த ஜாவா 9 முதல் 15 வரை, ஜேடிகே எனும் ஜாவா தொகுப்பின் உள்பகுதிகளை, ஓடும்போதே கிளாஸுக்குள் நுழையும் ரிஃப்ளெக்‌ஷனால் தொட்டால் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும். 16 மறுத்தது, பெர்மிட் கேட்டால் மட்டும் விட்டது. 2021 செப்டம்பரில் வந்த 17 அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டது.

எர்ரர் வரியைக் கடைசிவரை படியுங்கள். எதைத் திறக்க வேண்டும் என்று அதுவே சொல்லும்: மாட்யூல் ஜாவா.பேஸ், பேக்கேஜ் ஜாவா.டைம். ஆகவே '--ஆட்-ஓப்பன்ஸ் ஜாவா.பேஸ்/ஜாவா.டைம்=ஆல்-அன்நேம்டு'. இது '-ஜார்' என்பதற்கு முன்னால் வர வேண்டும். ஜார் பெயருக்குப் பின்னால் போட்டால் உங்கள் மெயினுக்கு ஆர்குமென்டாகப் போய்விடும், புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் கண்டுகொள்ளாது. பில்டு கருவியான மேவனில், டெஸ்டுகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் பிளகின் தனி ஜேவிஎம் கிளப்பும். அதன் ஆர்க்லைன் என்ற செட்டிங்கிலும் இதையே எழுதுங்கள். கஸ்டமர் கம்ப்யூட்டர்களில் ஷார்ட்கட்டைத் திருத்த முடியாதென்றால், மெயின் ஜாரின் மேனிஃபெஸ்டில் (ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பு) 'ஆட்-ஓப்பன்ஸ்: ஜாவா.பேஸ்/ஜாவா.டைம்' போதும். அங்கே '=ஆல்-அன்நேம்டு' கூடாது. லைப்ரரி ஜாரின் மேனிஃபெஸ்டில் எழுதினால் வீண்.

இதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான். ஸ்டாக் டிரேஸில் ஜாவா என்று தொடங்காத முதல் வரியைப் பாருங்கள். அங்கே ஜிசான் (ஜேசான் எழுதிப் படிக்கும் லைப்ரரி) இருந்தால், அது தேதிக்கான கிளாஸான லோக்கல்டேட்டின் பிரைவேட் ஃபீல்டுகளைத் துருவுகிறது என்று பொருள். தேதியை '2024-03-15' என்று எழுதிப் படிக்கும் டைப்அடாப்டர் ஒன்று, இருபது வரிதான், எழுதிப் பதிவு செய்யுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ஏற்கெனவே சேமித்த பில்களில் தேதி இயர், மந்த், டே என்று மூன்று எண்களாகக் கிடக்கும். அடாப்டர் அந்த வடிவத்தையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பில் ஒன்றுகூடத் திறக்காது.

கேள்வி: ஜேடிகேயோடு வரும் ஜேடெப்ஸ் கருவியை '--ஜேடிகே-இன்டர்னல்ஸ்' கொடுத்து ஓட்டினேன், குறை எதுவும் காட்டவில்லை. 17-இல் மட்டும் விழுகிறதே? (வாசகர், மதுரை)

பதில்: ஜேடெப்ஸ் பார்ப்பது கிளாஸ் ஃபைலில் நேரடியாகக் குறித்த பெயர்களை மட்டும். ரிஃப்ளெக்‌ஷன் அதன் கண்ணில் படாது. 11-லேயே '--இல்லீகல்-அக்செஸ்=டெனை' போட்டு டெஸ்டுகளை ஓட்டுங்கள். 17-இல் இந்த வகையில் விழப்போவது பெரும்பாலும் அங்கேயே விழும்.