மேட்ரன் மூர் (புதர்வெளி) நிலத்துக் கற்கள்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலின் பென்சான்ஸ் நகருக்கு வடமேற்கே உள்ளது மேட்ரன் பாரிஷ் (ஊராட்சி போன்ற சிறு நிர்வாகப் பகுதி). அங்குள்ள தொல்சின்னங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: லான்யன் குவாயிட் கல்திட்டைக்குள் (கால்கற்கள் மேல் மூடுகல் வைத்த பழங்காலச் சின்னம்) குதிரையில் அமர்ந்தபடியே நுழையலாம் என்று படித்தேன். படத்தில் அவ்வளவு உயரம் தெரியவில்லையே?

ப: அது 18-ஆம் நூற்றாண்டுச் செய்தி. அப்போது நான்கு கால்கற்கள் இருந்தன. 1815 அக்டோபர் புயலில் சரிந்தது. ஊரார் பணம் திரட்டி 1824-இல் நிமிர்த்தினார்கள். ஒரு கால் உடைந்துபோனதால் மூன்றில்தான் நிற்கிறது, உயரம் 1.5 மீட்டர். மூடுகல் 5.5 மீட்டர் நீளம், 12 டன்னுக்கு மேல். திசையையும் செங்கோணமாகத் திருப்பிவிட்டார்கள். அதை வைத்துச் சூரியோதயக் கணக்குப் போடுகிறவர்கள் 1824-ஐத்தான் அளக்கிறார்கள்! மூடுகல் சரியாத கல்திட்டை வேண்டுமென்றால் பக்கத்து மோர்வா பாரிஷில் சூன் குவாயிட் இருக்கிறது.

கே: மென்-அன்-டோல் துளைக்கல் இரு நெடுங்கற்களுக்கு நடுவே நேர்கோட்டில் நிற்பதன் பொருள் என்ன சார்?

ப: அந்த நேர்கோடே பிற்காலத்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாதிரியார் வில்லியம் போர்லாஸ் வரைந்த படத்தில் மூன்றும் முக்கோணமாக உள்ளன. சுற்றிலும் புதைந்து கிடக்கும் கற்களையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 18 மீட்டர் விட்டமுள்ள கல்வட்டத்தின் மிச்சம் என்பதே வலுவான கருத்து. துளை ஏறக்குறைய 50 செ.மீ. எலும்பு வளைந்த குழந்தைகளை அதன் வழியே நுழைத்து எடுப்பது ஊரின் பழைய வழக்கம்.

கே: மென்-அன்-டோலுக்கு எப்படிப் போவது?

ப: மேட்ரன்–மோர்வா சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு மண்பாதையில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழைக்குப் பின் சேறு, பூட்ஸ் அவசியம். மூடுபனியில் பாதையை விட்டு விலகாதீர்கள். டிங் டாங் வெள்ளீயச் சுரங்கத்தின் பழைய குழிகள் அந்தப் பக்கம்தான்.

கே: மென் ஸ்க்ரிஃபா என்ற எழுத்து வெட்டிய நெடுங்கல்லில் எழுத்தே தெரியவில்லை.

ப: உச்சிவெயிலில் போயிருப்பீர்கள். நேர்வெளிச்சத்தில் வெட்டுக்குள் நிழல் விழாது. டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துகள் குறுக்கே அல்ல, மேலிருந்து கீழாக ஓடும்: ‘ரியாலோப்ரானி குனோவாலி ஃபிலி’, அதாவது குனோவாலின் மகன் ரியாலோப்ரான். சாக்குக்கட்டி பூசாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள்.

கே: மேட்ரன் புனிதக் கிணற்றருகே மரக்கிளையில் வேண்டுதலுக்குத் துணி கட்டலாமா?

ப: துணி மக்க மக்க நோய் தீரும் என்பதே நம்பிக்கை. நைலான் மக்காது, கிளையை இறுக்கிக் கொல்லும். கட்டியே ஆகவேண்டுமென்றால் மெல்லிய பருத்தி நாடா, தளர்வாக.

கே: மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகலாமா?

ப: கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.