விரல் நுனியில் கொப்புளம், இமையில் வீக்கம்: பெயின்டா, புட்டியா?

கேள்வி: வயது 44. ஒரு ஹாபி சேலஞ்சுக்காக எபாக்சி புட்டியில் (இரண்டு பாகங்களைப் பிசைந்து கலந்தால் இறுகும் களிமண் போன்ற பொருள்) 5 செ.மீ. உருவம் ஒன்றைக் கையாலேயே செதுக்கி, இப்போது அக்ரிலிக் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். விரல் நுனிகள் சிவந்து அரிக்கின்றன, சிறு நீர்க்கொப்புளங்களும் உண்டு. காலையில் இமைகள் வீங்குகின்றன. பெயின்ட் ஒத்துக்கொள்ளவில்லையா? பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் இருக்கிறது.

பதில்: எனக்கு முதல் சந்தேகம் புட்டியின் மேல்தான். கலந்து இறுகும் முன், அதிலுள்ள எபாக்சி ரெசினும் ஹார்ட்னரும் சருமத்தில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. தொட்டவுடன் அரிக்காது. ஒன்றிரண்டு நாள் கழித்தே தடிப்பு தெரியும். அதற்குள் நீங்கள் பெயின்ட்டுக்குப் போயிருப்பீர்கள், பழியும் அதன் மேல் விழுந்துவிடும். ‘இதற்கு முன்பும் இதே புட்டியைத் தொட்டேனே’ என்பதும் சமாதானமாகாது. பலமுறை தொட்ட பிறகும்கூட உடல் அதை எதிரியாகக் கருதத் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிக்கும். இமைத் தோல் மிக மெல்லியது. கை பட்டாலே போதும், வீங்கிவிடும்.

பெயின்ட்டையும் சந்தேகத்திலிருந்து முழுதாக விட்டுவிட முடியாது. நீரில் கரையும் பெயின்ட்களில் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஐசோதயசோலினோன் வகைப் பொருள்களும் இதே மாதிரி தடிப்பைத் தரும். எது காரணம் என்று பிரித்துச் சொல்வது பேட்ச் டெஸ்ட்: முதுகில் ஒட்டுகளை 48 மணி நேரம் வைத்து, எடுத்ததும் ஒருமுறை, மேலும் ஓரிரு நாள் கழித்து ஒருமுறை பார்ப்பார்கள். ஹார்ட்னர்கள் வழக்கமான பட்டியலில் இல்லாமலிருக்கலாம். அதனால் புட்டி, பெயின்ட் இரண்டின் உறைகளையும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இறுகாத புட்டியை நீங்களே கையில் தடவிச் சோதிக்கவே கூடாது, அதுவே ஒவ்வாமையை உண்டாக்கிவிடும்.

அதுவரை புட்டியைத் தொட வேண்டாம். விரல்களுக்கான ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லும் வீரியத்தில், சொல்லும் நாள் வரை மட்டும் பூசுங்கள். அதை இமைக்குக் கொண்டுபோகாதீர்கள். கையைத் தின்னரால் துடைப்பது பெரிய தவறு. அது தோலின் எண்ணெயை உரித்து ரெசினுக்கு வழிவிடுகிறது. சோப்பும் நீரும் போதும். சீழ், காய்ச்சல், மூச்சிரைப்பு, உதடு வீக்கம் எதுவும் வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஒவ்வாமை உறுதியானால், இறுகும் முன் புட்டியைத் தொடாத வழிக்கு மாறுவதே நல்லது. பாலிமர் களிமண்ணை யோசிக்கலாம். மற்றவர்களும் லேடெக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம், ரெசின் அதைக் கடந்துவிடும். நைட்ரைல் கையுறை அதைவிட மேலானது, ஆனால் அதுவும் நிரந்தரத் தடையல்ல. புட்டி ஒட்டியதும் கழற்றி எறியுங்கள். எச்சில் விரலால் வழவழப்பாக்குவதற்குப் பதில் ஈரமான சிலிகான் முனைக் கருவி போதும்.

செய்து முடித்த உருவத்தில் பெயின்ட் அடிக்கலாமா? முழுதாக இறுகிய எபாக்சி பொதுவாகத் தொல்லை தராது. இரண்டு பாகத்தின் அளவு பிசகியிருந்தால் வினைபுரியாத மிச்சம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். 24 மணி நேரம் கழித்தும் பிசுபிசுப்பு இருந்தால் அதுதான். அப்படியானதைத் தேய்க்காதீர்கள். நன்றாக இறுகியதை நீர் தொட்ட உப்புத்தாளால், என்95 முகக்கவசத்துடன் தேயுங்கள். ஸ்ப்ரே பிரைமரை (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) திறந்தவெளியில் அடியுங்கள்: என்95 துகளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியை அல்ல. உருவத்தைத் தடித்த பிடியில் பொருத்திவிட்டால் விரல் அதைத் தொடவே வேண்டியதில்லை.

பிரஷை உதட்டில் வைப்பதை இன்றே விடுங்கள். சில சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் காட்மியமும் சில நீலங்களில் கோபால்ட்டும் உண்டு. ‘நச்சற்றது’ என்ற முத்திரை வழக்கமான பயன்பாட்டுக்குத்தான், வாயில் வைப்பதற்கு அல்ல. 1920-களில் அமெரிக்கக் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பெயின்ட் தீட்டிய பெண்கள் பலர் இப்படித்தான் நுனி கூராக்கித் தாடை எலும்பை இழந்தார்கள். உங்கள் பெயின்ட்டில் ரேடியம் இல்லை, பழக்கம் மட்டும் அதேதான். ஈரமான டிஷ்யூவில் பிரஷைச் சாய்த்து உருட்டி இழுத்தால் அதே கூர் வரும்.