கேட்டது கி-100, வந்தது கி-61: "ரிட்டர்ன் கிடையாது" என்றால் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். இரண்டாம் உலகப்போர் கால ஜப்பானியப் போர் விமானங்களின் டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) மாடல்களைச் சேர்த்து வருகிறேன். எல்லோரிடமும் இருக்கும் 'ஜீரோ' விமானத்தை விட்டுவிட்டு, அதிகம் பேர் அறியாத விமானங்களைத்தான் தேடுவேன். ஆன்லைன் தளம் ஒன்றில், டெல்லி விற்பனையாளர் ஒருவர் "கவாசாகி கி-100, 1/72" (அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு) என்று போட்டிருந்ததை 8,400 ரூபாய்க்கு வாங்கினேன். பார்சல் வந்த அன்றே பேக்கிங்கை மட்டும் பார்த்து ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே கி-61. "ரெண்டும் ஒரே விமானம்தான் சார், இன்ஜின் மட்டும்தான் வேற. கலெக்‌ஷன் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லைன்னு பேஜ்லயே போட்டிருக்கோம். நீங்க ஸ்டார் வேற கொடுத்திருக்கீங்க" என்கிறார். திருப்பி எடுத்தாலும் கூரியர் செலவு என்னுடையதாம். நண்பர் ஒருவர் அந்த மாடலை 6,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிட்டு, மீதித் தொகைக்கு வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அந்த 6,000 ரூபாயை மறந்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அவர் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறார். 'ஹியென்' எனப்படும் கி-61இல் இருந்தது ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் இன்ஜினை லைசென்ஸ் பெற்றுச் செய்த, திரவத்தால் குளிரூட்டப்படும் இன்ஜின். அதனால் மூக்கு கூராக நீண்டிருக்கும். அதன் அடுத்த ரகத்துக்கு இன்ஜின் போதாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, 1945 ஜனவரியில் அகாஷி இன்ஜின் ஆலை மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. இன்ஜின் இல்லாமல் 275 விமானங்களின் உடற்பகுதிகள் மட்டும் நின்றன. அவற்றில் மிட்சுபிஷியின் காற்றால் குளிரும் வட்ட இன்ஜினைப் பொருத்தினார்கள். அப்படிப் பிறந்ததுதான் கி-100. 1945 பிப்ரவரி 1 அன்று முதலில் பறந்தது. உடம்பு அண்ணனுடையது, முகம் வேறு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு: விவரித்து விற்கும் பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும். பொருள் நல்ல தரமா, உடையாமல் வந்ததா என்பதெல்லாம் வேறு பேச்சு. பொன்னி அரிசி கேட்டவருக்குப் பாஸ்மதியைக் கொடுத்துவிட்டு 'ரெண்டும் நெல்லுதானே' என்று கடைக்காரர் சொல்ல முடியாது. நீங்கள் கேட்ட பொருளின் அடையாளமே அந்த இன்ஜின்தான். அது வேறு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த மெசேஜைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். மாடலைக் கவிழ்த்து வைத்து வயிற்றைப் படமெடுங்கள். கி-61க்கு அங்கே ரேடியேட்டர் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு அது தேவையில்லை என்பதால் கி-100இல் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். எஞ்சியிருக்கும் ஒரே கி-100 பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பக்கத்தில் வைத்தால், விமானமே தெரியாத நுகர்வோர் ஆணைய உறுப்பினருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். உங்கள் பில்லில் "விமான மாடல் – 1" என்று மட்டும் இருந்தால், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் உயிர். இன்றே எடுங்கள், நாளை அந்தப் பக்கம் மாறியிருக்கலாம்.

"ரிட்டர்ன் இல்லை" என்ற வாசகம் இங்கே செல்லாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின் 6-வது விதிப்படி, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. கூரியர் செலவும் உங்கள் தலையில் விழாது. பொருளை ஏற்க மறுக்கும் உரிமையுள்ளவர், மறுப்பைத் தெரிவித்தாலே போதும், திருப்பி அனுப்பும் கடமை அவருக்கு இல்லை என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-வது பிரிவு. ஐந்து ஸ்டாரைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. ஆனாலும் இனிமேல் பெட்டியைப் பிரித்த பிறகு ஸ்டார் கொடுங்கள்.

இப்போது அந்த 6,000 ரூபாய். பொருளை விற்றாலோ, பெயின்ட் தொட்டாலோ, மறுப்பைத் தெரிவிக்காமல் நீண்ட நாள் அலமாரியில் வைத்திருந்தாலோ, நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் முழுப் பணத்தைக் கேட்க முடியாது, வெறும் நஷ்டஈடுதான். எனவே இன்றே, "இது நான் வாங்கியது அல்ல, ஏற்க மறுக்கிறேன், பணத்தைத் திருப்பித் தரவும்" என்று விற்பனையாளருக்கும் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

நீங்கள் இணைத்திருந்த உரையாடலில் ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை: "இதோட ரீசேல் வேல்யூவே போச்சு." மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அந்த வரியைத்தான். எப்போதாவது ஒரு மாடலை விற்றிருப்பதால் மட்டும் நீங்கள் வியாபாரி ஆகிவிடவில்லை. ஆனால் சொந்தச் சேகரிப்புக்காக வாங்கியது என்று புகார் மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். டெல்லிக்குப் போக வேண்டாம். வசிக்கும் ஊரில் வழக்குத் தொடுக்க அதே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவு இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை பதிவு செய்து பாருங்கள், சில விற்பனையாளர்கள் அதிலேயே இறங்கி வருவார்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்காதீர்கள். 8,400 ரூபாய், செலவுத் தொகை, அதோடு ஒரு நியாயமான நஷ்டஈடு என்று கேட்டால் மனு கனமாக நிற்கும். அதுவரை மாடல் அதன் பெட்டியிலேயே, வந்த அட்டை, ஒட்டிய லேபிள் எல்லாவற்றோடும் இருக்கட்டும்.