மகள் குறும்படம் எடுக்கட்டும்

நண்பர்களோடு சேர்ந்து குறும்படம் எடுக்கப்போவதாக மகள் சொல்கிறாள், படிப்பு என்ன ஆகும் என்று கவலைப்படுகிறீர்கள். தடுக்காதீர்கள். தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று ஒரு தேதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு எந்த வேலை பொருந்தும் என்பதை, தொழில் வழிகாட்டி ஆலோசகராக நான் தரும் திறனறித் தேர்வைவிட இந்தப் படம் தெளிவாகக் காட்டிவிடும்.

தொடக்கத்தில் எல்லோருக்கும் இயக்குநர் நாற்காலிதான் வேண்டும். படப்பிடிப்பு தொடங்கினால் நிலைமை மாறும். வெளிச்சம் போவதற்குள் அடுத்த ஷாட்டை முடிக்க வேண்டும் என்று எல்லோரையும் ஒருங்கிணைக்க ஒருத்தி தானாக முன்வருவாள். அவளுக்குள் ஒரு தயாரிப்பு நிர்வாகி இருக்கிறாள். முந்தைய ஷாட்டில் பை இடது தோளில் இருந்ததே என்று நினைவுபடுத்துபவனுக்குக் கன்டினியூட்டி கண், அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கண் இருக்கிறது. ஆறு ஃபிரேமை, அதாவது நொடிக்கும் குறைவான துண்டை வெட்டியதும் காட்சிக்கு உயிர் வந்துவிட்டது என்று நள்ளிரவில் துள்ளுபவர் எடிட்டர். எல்லாமே முழுநேரத் தொழில்கள். விளம்பரம், செய்தி, இணையவழிக் கல்வி என்று சினிமாவுக்கு வெளியேயும் இந்தத் திறமைகளுக்கு வேலை இருக்கிறது. உங்கள் மகள் எந்த இடத்தில் பசியை மறக்கிறாள் என்று பாருங்கள்.

கேமரா வாங்கப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், கைபேசி போதும். கொஞ்சம் பணம் தர முடிந்தால் சட்டையில் மாட்டும் மைக்குக்குத் தாருங்கள். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்; வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே ஒலி அறுபடுவதை மறைக்க அது உதவும்.

ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். முதல் முயற்சிக்கு 5 நிமிடம் தாராளம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பதால், ஐந்து பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். பிடித்த சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்க்க வேண்டாம். உரிமை இல்லாத இசை இருந்தால் பல திரைப்பட விழாக்கள் படத்தை ஏற்காது, யூடியூபும் கண்டுபிடித்துவிடும். யாருக்கு என்ன வேலை, படம் யாருடைய பெயரில் இருக்கும் என்பதை நண்பர்கள் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடட்டும். நட்பைக் காப்பாற்றவே இதைச் சொல்கிறேன்.

படம் சுமாராக வந்தாலும் முடித்துவிட வேண்டும். முடிந்ததும், அதில் தான் செய்த வேலை என்ன, எந்த முடிவை ஏன் எடுத்தாள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கும் அது பயன்படும். அந்தப் பக்கத்தோடு அவளை அழைத்து வாருங்கள், அடுத்து என்ன படிக்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.