மூன்றடித் தொட்டிக்கு யெல்லோ டாங் வாங்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் மாடி வீட்டில் இருக்கிறேன். ஆறு வருடமாக கோல்டு ஃபிஷ், சிக்லிட் வளர்த்த பழக்கம் உண்டு. இப்போது மூன்றடித் தொட்டியைக் கடல் மீனுக்கு மாற்றி, ஒரு யெல்லோ டாங் விட ஆசை. கொளத்தூரில் ஒரு கடையில் இருபத்தைந்தாயிரம் சொல்கிறார்கள். அடுத்த வாரமே வாங்கிவிடலாமா? காசிமேட்டிலிருந்து கடல் தண்ணீர் எடுத்து வரலாமா?

பதில்: அடுத்த வாரம் வேண்டாம். இந்தத் தொட்டிக்கு அந்த மீனே வேண்டாம்.

விலையைப் பார்த்து மயங்காதீர்கள். யெல்லோ டாங் ஒரு காலத்தில் சாதாரண விலைக்குக் கிடைத்த மீன்தான். பெரும்பாலும் ஹவாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2017-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் வியாபாரத்துக்குப் பிடிக்கக் கூடாது என்றது. 2021-க்குள் மேற்கு ஹவாயில் பிடிப்பது நின்றுபோனது. வரத்து குறைந்தது, விலை ஏறியது, அவ்வளவுதான். விலை கூடியதால் மீன் கெட்டியாகிவிடவில்லை. இருபது சென்டிமீட்டர் வரை வளர்ந்து, நாளெல்லாம் நீந்திப் பாசி மேயும் இனம் அது. நாலடிக்குக் குறையாத நீளமும் முந்நூற்றைம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். உங்கள் தொட்டி ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம் என்றாலும் விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர்தான்.

காசிமேட்டுத் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். துறைமுகத்துக்குள் படகு டீசலும் சாக்கடையும் கலந்து கிடக்கின்றன. வடக்கே எண்ணூர்ப் பக்கம் போகலாமா என்றால், 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதியும் 2023 டிசம்பர் புயல் மழையின்போதும் எண்ணெய் பரவிய கடல் அது. ஆர்.ஓ. தண்ணீரில் மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பைக் கரைப்பதுதான் சரி. லிட்டருக்கு 35 கிராம், ஒரு தொட்டிக்கு ஏறக்குறைய ஆறரைக் கிலோ. சமையல் உப்பு ஆகாது, அதில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கடலில் உள்ள அளவுக்கு இருக்காது. வடசென்னையில் இதில் ஒரு வேடிக்கை உண்டு: மீஞ்சூரில் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து நமக்குத் தண்ணீர் அனுப்ப ஆலை கட்டினார்கள், நாம் காசு கொடுத்து வாங்கி அதில் மறுபடி உப்பைப் போடுகிறோம்.

உப்புத் தண்ணீர் ஓடத் தொடங்கிய பின் நாலிலிருந்து ஆறு வாரம் மீன் இல்லாமல் விடுங்கள். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். நன்னீரில் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்புதான் தாங்காது.

மாடி வீடு என்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. சூடு ஏறினால் நீரில் ஆக்சிஜன் குறையும், தண்ணீரும் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். ஆரம்பத்தில் நான் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி, ஏன் மீன் சோர்ந்து கிடக்கிறது என்று இரண்டு வாரம் விழித்தேன். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

சரி, மீன் வாங்கும் நாள். எந்த விலை உயர்ந்த கடல் மீனாக இருந்தாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, என் கண்ணு முன்னாடி தீனி போடுங்க." தின்னவில்லை என்றால் திரும்பி வாருங்கள். தின்றாலும் அன்றே எடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்து, பத்து நாள் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். சயனைடு தூவிப் பிடித்த மீன் முதல் சில நாள் நன்றாகவே இருக்கும், அப்புறம்தான் சாகும். பத்து நாள் தங்கியதாலேயே ஆபத்து முழுக்க நீங்கிவிடாது, ஆனாலும் பலவீனமான மீன் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டிலும் அதைத் தனித் தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கடல் மீனின் வெள்ளைப்புள்ளி நோய் வேறு ஒட்டுண்ணியால் வருவது. நன்னீரில் செய்கிற மாதிரி கொஞ்சம் உப்பும் ஹீட்டரும் வைத்தால் போகாது. அதற்குத் தாமிர மருந்து வேண்டும், அளவு தவறினால் மீனுக்கே ஆபத்து. பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துப்போகும். அதற்காகத்தான் தனித் தொட்டி.

அழகுக்கு என்று பவளப்பாறைத் துண்டோ கடல் குதிரையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வைத்திருந்தாலே வழக்கு.

அப்படியானால் என்னதான் விடுவது? இந்தத் தொட்டிக்குப் பண்ணையில் பொரித்த இரண்டு கிளௌன் ஃபிஷ் பொருத்தம். கடலில் பிடித்ததைவிடத் தீனிக்கும் தொட்டிக்கும் பழகியவை. இரண்டையும் குஞ்சாகவே வாங்குங்கள். கிளௌன் குஞ்சு எல்லாமே ஆணாகத்தான் வளரும், ஜோடியில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். குஞ்சிலேயே ஆண் பெண் பார்த்துத் தருகிறேன் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.