கசியாத மூளை ஏவிஎம்மை உடனே அகற்ற வேண்டுமா?

தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இதுவரை கசியாத ஏவிஎம் (தமனிகளும் சிரைகளும் நேரடியாக இணைந்த இரத்தக்குழாய்ப் பின்னல்) தெரிந்ததால், உடனே அறுவை சிகிச்சை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நிதானமாக யோசிக்க அவகாசம் உண்டு.

தமனியின் இரத்தம் நுண்குழாய்களைக் கடக்காமல், அழுத்தம் குறையாமலே மெல்லிய சிரைக்குள் பாய்வதால்தான் இந்தப் பின்னல் வெடிக்கிறது. 1986இல் வெளியான ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் அளவுகோல், பின்னலின் அளவு, பேச்சு, பார்வை, அசைவு போன்ற முக்கியப் பகுதிகளில் அது அமைந்திருக்கிறதா என்பது, இரத்தம் ஆழச் சிரைகளில் வடிகிறதா என்பது ஆகியவற்றைக் கொண்டு அதை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. 1, 2 தரங்களை நுண் அறுவை சிகிச்சையில் முழுமையாக அகற்றிவிடும் வாய்ப்பு அதிகம்.

3 சென்டிமீட்டருக்குக் குறைவாக, ஆழத்தில் இருப்பவற்றுக்குக் காமா நைஃப் எனப்படும், கத்தியின்றிக் குவித்துச் செலுத்தும் கதிர்வீச்சு பொருந்தும். ஆனால் குழாய்ச் சுவர்கள் மெல்லத் தடித்து அடைபட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதையும், அதுவரை இரத்தக்கசிவு அபாயம் நீடிக்கும் என்பதையும் நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தொடை வழியே கதீட்டர் செலுத்திப் பசை போன்ற திரவத்தால் குழாய்களை அடைப்பது பெரும்பாலும் துணைச் சிகிச்சையே.

வெடிக்காத ஏவிஎம்மில் சிகிச்சையைவிட மருந்தும் கண்காணிப்புமே பாதுகாப்பானவை என 2014இல் வெளியான அருபா ஆய்வு கூறியது. அதன் கண்காணிப்புக் காலம் குறுகியது என்பதால், நெடுங்காலம் வாழவிருக்கும் இளையவர்களுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது என்பதே என் கருத்து. ஆஞ்சியோகிராம் எடுத்து, தரத்தை அறிந்தபின் முடிவெடுங்கள். திடீரெனக் கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.