‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்கிறது பள்ளி... ஆட்டிசம் உள்ள மகனை எங்கே படிக்கவைப்பது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். நான்கு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். கூடவே ஏ.டி.ஹெச்.டி.யும் (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பான். எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்களின் நேரமெல்லாம் அத்துப்படி. ஆனால் வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான். காலை பிரேயரில் மைக் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். சாப்பாட்டு பெல் அடிக்கும் நேரத்திலும் வெளியே ஓடிவிடுகிறான். ஆண்டு விழா ஒத்திகை நடந்த வாரம் முழுக்க ஒரே அழுகை. வகுப்பில் இடம் மாற்றி உட்காரவைத்த அன்று, பக்கத்துப் பையனின் கையைக் கடித்துவிட்டான். ‘டி.சி. வாங்கிட்டு ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க’ என்கிறார்கள். நான் வேலைக்குப் போனதாலும் போனைக் கையில் கொடுத்ததாலும்தான் பிள்ளை இப்படி ஆனான் என்கிறார் மாமியார். கணவர் எதுவும் பேசுவதில்லை. மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். இதற்கு மருந்து உண்டா? பள்ளியை மாற்ற வேண்டுமா? நான் எங்கே தவறு செய்தேன்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கேயும் தவறு செய்யவில்லை. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பெரும்பாலும் மரபணுக்கள் சம்பந்தப்பட்டது. கருவில் இருக்கும்போதே தொடங்கிவிடுவது. அம்மா வேலைக்குப் போனதால் வராது, வீட்டிலேயே இருந்தாலும் வராமல் போகாது. போன் விஷயத்தில் மாமியார் சொல்வதில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது: சிறு குழந்தை மணிக்கணக்கில் திரையைப் பார்த்தால் பேச்சும் தூக்கமும் பாதிக்கப்படும். அதற்காகக் குறைப்பது நல்லது. ஆனால் போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை.

தாயின் பாசம் போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று கடந்த நூற்றாண்டின் நடுவில் மருத்துவர்களே சொன்ன காலம் உண்டு. எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது தவறு என்று மருத்துவ உலகம் கைவிட்டு அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றைக்கும் அதே பழியைச் சுமந்துகொண்டு ஒரு தாய் என் எதிரில் வந்து உட்காரும்போது எனக்கு மனம் பதைக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது, மருத்துவர் வாயால் கேட்டால் ஏறும். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். விஷயம் புரிந்த பிறகு அந்தப் பாட்டிகள்தான் பிள்ளைக்கு முதல் ஆளாக நிற்பார்கள்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களே உங்களுக்குத் தெரியாமல் பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். மைக் போட்டதும் ஓடுகிறான். பெல் அடிக்கும் நேரத்தில் ஓடுகிறான். ஒத்திகை நடந்த வாரம் அழுகிறான். இடம் மாற்றிய அன்று கடிக்கிறான். முதல் மூன்றும் சத்தம், கடைசி ஒன்று சொல்லாமல் செய்த மாற்றம். இவன் காரணமில்லாமல் எதையும் செய்யவில்லை. அந்தக் காரணத்தை வாயால் சொல்லத் தெரியாத ஏழு வயதுக் குழந்தை அவன்.

நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்றொரு அடைமொழி போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. நமக்குப் பழகிப்போன மின்விசிறிச் சத்தமும், சட்டை காலரில் உறுத்தும் லேபிளும், பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனையும் ஒன்றுவிடாமல் ஒரே நேரத்தில் அவர்களை வந்து மோதும்.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். தினமும் காலை பதினொன்றரை மணிக்கு மேல் வகுப்பில் ரகளை. ஆசிரியை அனுமதி வாங்கி ஒரு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பெல் அவன் வகுப்பு வாசலுக்கு நேர் மேலே, தாழ்வாரச் சுவரில் இருந்தது. பழைய மின்சார பெல். அடித்தால் பெஞ்ச் அதிரும். அந்தச் சிறுவன் கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு, வாசலுக்கு மேலேயே கண் வைத்திருந்தான். எப்போது அடிக்குமோ என்ற பயத்திலேயே கடைசி அரைமணி நேரத்தைக் கழித்துக்கொண்டிருந்தான். பெல் அடித்ததும் அவன் கத்தியதுதான் மற்றவர்கள் கண்ணில் பட்டது.

அந்த ஆசிரியை செய்தது மிகச் சிறிய காரியம். வாசலிலிருந்து தள்ளி, ஜன்னல் ஓரமாக அவனுக்கு நிரந்தரமாக ஒரு இடம் கொடுத்தார். பெல்லுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் மேஜையருகே வந்து ஐந்து விரல்களைக் காட்டுவார். பிறகு வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து அலுவலக அறைக்கு அனுப்பிவிடுவார். பெல் அடிக்கும்போது அவன் அங்கே இருப்பான். இரண்டு வாரத்தில் ரகளை பாதிக்கு மேல் குறைந்தது. மருந்து மாற்றவில்லை, தெரபி நேரத்தையும் கூட்டவில்லை.

உங்கள் மகனுக்கும் இதைத்தான் செய்யப் போகிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கத்துவதற்கு அல்லது கடிப்பதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். இவ்வளவுதான். வீட்டில் நீங்கள் எழுதுங்கள், பள்ளியில் வகுப்பாசிரியை இரண்டு வரி எழுதினால் போதும். மூன்று வாரத்தில் எந்த நேரம், எந்த இடம், எந்தப் பாடவேளை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்து, தலைமையாசிரியரைப் பார்க்கும்போது ‘என் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று கேட்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிரேயரில் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தள்ளி வரிசையின் கடைசியில் நிற்கட்டும். முடியாத நாளில் வகுப்பறையிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு பெல்லுக்கு முன்பே கை கழுவ அனுப்பலாம். அவன் இடத்தை மாற்ற வேண்டுமானால் முந்தைய நாளே அவனிடமும் உங்களிடமும் சொல்ல வேண்டும். மிகவும் தவிக்கும்போது போய் உட்கார ஓர் அமைதியான மூலை வேண்டும், அது தண்டனை இடமாக இருக்கக் கூடாது. ஏ.டி.ஹெச்.டி.யும் இருப்பதால் நாற்பது நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்வது அவனால் ஆகாத காரியம். சாக்பீஸ் எடுத்து வருவது, நோட்டுகளை விநியோகிப்பது என்று நடுநடுவே எழுந்து நடக்க ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘புக்கை மூடி, பையில வச்சிட்டு, லைன்ல வா’ என்பதில் அவன் காதில் விழுவது ஒன்றுதான்.

கடி வாங்கிய பையனை மறந்துவிடக் கூடாது. அவனும் குழந்தை, அவன் பெற்றோரின் பயம் நியாயமானது. நீங்களும் கணவரும் நேரில் போய்ப் பேசுங்கள். இனி நடக்காமலிருக்கப் பள்ளியில் என்ன மாற்றங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

டி.சி. விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. உடல்ரீதியாகத் தண்டிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் கூடாது. அதனால்தான் பல இடங்களில் ‘நீங்களே எழுதிக் கொடுத்து வாங்கிக்கோங்க’ என்கிறார்கள். பெற்றோர் விருப்பப்பட்டு வாங்கியதாகப் பதிவாகிவிடும். எழுதிக் கொடுக்காதீர்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது அது. அதன் பட்டியலில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு கொடுங்கள். சட்டத்தை முதல் சந்திப்பிலேயே எடுத்து வீச வேண்டாம். நாளைக்கும் உங்கள் மகன் அந்த ஆசிரியை முன்னால்தான் உட்காரப் போகிறான்.

சிறப்புப் பள்ளி என்பது கேவலமான இடம் அல்ல. பேச்சே வராத, அன்றாட வேலைகளுக்கே முழு உதவி தேவைப்படும் சில பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கும், பஸ் நேரம் மனப்பாடமாகச் சொல்லும் உங்கள் மகனை இப்போது அங்கே மாற்றக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இந்தப் பள்ளி கடைசிவரை ஒத்துவரவில்லை என்றால் பக்கத்து அரசுப் பள்ளியையும் யோசியுங்கள். வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் சத்தமும் குறையும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் வருவார்.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து கிடையாது. ஏ.டி.ஹெச்.டி.க்கு உண்டு. மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை ஆறு வயதுக்கு மேல், வகுப்பறை மாற்றங்களும் பயிற்சியும் போதாதபோது, நிபுணர் பார்த்துத் தருவார். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், அதனால் எடையையும் உயரத்தையும் கவனித்துக்கொண்டே கொடுப்போம். அதற்கு முன் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, வலியைக் கடித்தும் கத்தியும்தான் காட்டும். சொத்தைப் பல், நாள்பட்ட மலச்சிக்கல், காதில் சீழ், தூக்கமின்மை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், திடீரென்று சில நொடிகள் வெறித்துப் பார்த்து நிற்கிறானா என்பதையும் கவனியுங்கள். கேட்புத் திறன் சோதனை செய்யாமல் விட்டிருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள்.

‘ஆறு மாதத்தில் குணமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது. ரத்தத்திலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று செய்யும் ‘கீலேஷன்’ உயிருக்கே ஆபத்தானது. நகையை அடகு வைத்துவிட்டு வந்து அழுத பெற்றோரைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குவது) போன்றவை கட்டணமில்லாமல் கிடைக்கும். சென்னைக்கு வர முடிந்தால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் விரிவாக மதிப்பீடு செய்துகொள்ளலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும், யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ‘பிள்ளைக்கு முத்திரை விழுந்துடுமே’ என்று தயங்கி வருடங்களை இழப்பவர்கள் அதிகம். அந்தச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவைத் திரும்பப் பெறலாம், தெரபிச் செலவும் அதில் சேரும். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கும்போதும் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

வீட்டில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டாம். மிக்ஸி போடும் முன் ‘சத்தம் வரப்போகுது’ என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். காலை எழுவதிலிருந்து வேன் ஏறும்வரை செய்ய வேண்டியதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பஸ் பிரியன் என்பதால் ‘பல் தேய்ப்பு ஸ்டாப், குளியல் ஸ்டாப்’ என்று பஸ் ரூட்டாகவே வரையலாம்; நேரத்தையும் அவனையே எழுதச் சொல்லுங்கள். கத்தி அழும்போது புத்தி சொல்லாதீர்கள், அப்போது எதுவும் உள்ளே போகாது. விளக்கைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருங்கள். மகளுக்குத் தினமும் பதினைந்து நிமிடம் தனியாகக் கொடுங்கள். அண்ணன் அழும்போது எல்லோரும் அவனிடமே ஓடுவதை அந்த மூன்று வயதுக் குழந்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய பேச்சு, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது, மற்றவர்களோடு விளையாடுவது ஆகியவற்றையும் அடுத்த சந்திப்பில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டாவது குழந்தைக்கும் வர வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகம் என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

கணவர் எதுவும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். பல அப்பாக்கள் அப்படித்தான் தங்கள் துக்கத்தை அடக்கிக்கொள்கிறார்கள். அவரிடம் பேச்சை எதிர்பார்க்காமல் ஒரு வேலையைக் கொடுங்கள். வாரம் ஒருநாள் சாயங்காலம் மகனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அவர் மட்டும் கூட்டிப் போகட்டும், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் படுத்துத் தூங்குங்கள். நீங்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அடக்க முடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்கும் ஒரு மனநல மருத்துவர் தேவை. அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மூன்று வாரம் கழித்து, நிரம்பிய நோட்டுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். முடிந்தால் வகுப்பாசிரியையும் உடன் வரட்டும். அவரால் வர முடியாவிட்டால், அவர் எழுதிய பக்கங்களை மட்டுமாவது எடுத்துப் போங்கள். என்ன தெரியவந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.